ஆசை இருந்தால் போதுமா, மிஸ்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சித்திர வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு என்று பெயர், பாதி நேரம் கதைதான் போகும். பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமார் கேட்பார்கள், உள்ளே வர வெட்கப்பட்டு ஜன்னலில் சாய்ந்து நிற்கும் பொடியன்கள் கேட்பார்கள். ஆறு வருஷமாக அதே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, போன வாரம் ஒரு பிள்ளை "மிஸ், போன மாசம் வேற மாதிரி சொன்னீங்களே" என்று பிடித்துவிட்டாள். அதனால் எழுதிவைக்கிறேன். இனி மாற்றிச் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ஆசை இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஆனால் அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காது, அதையும் பார்த்திருக்கிறேன். நல்ல பென்சில், கண்டிக்குப் போய் வாங்கிய வர்ணப்பெட்டி, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள், எல்லாம் இருக்கும். பிள்ளை வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆசை என்றதும் எந்த ஆசை என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஓவியர் என்று பேர் எடுக்க ஒரு ஆசை உண்டு, கோடு இழுக்க ஒரு ஆசை உண்டு. முதலாவது தப்பில்லை, எனக்கும் இருக்கிறது, பேப்பரில் பெயர் வந்தால் வெட்டி ஒட்டி வைக்கிற ஆள்தான் நான். ஆனால் அது வேலை முடிந்த பிறகு வரப்போவதைப் பற்றிய ஆசை, வேலை நடக்கும்போது கைக்கு அது உதவாது. இரண்டாவது ஆசைதான் ராத்திரி பத்து மணிக்கு, காதை மட்டும் இன்னொரு தடவை சரியாக வரைந்து பார்ப்போம் என்று எழுப்பி உட்கார வைக்கும்.

வகுப்பில் ஒரு நாள் கேட்டேன்: நீங்கள் வரையும் படத்தை யாருக்கும் காட்டக்கூடாது, முடிந்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்றால் வரைவீர்களா? அநேகம் பேர் இல்லை என்றார்கள், நேர்மையான பதில். ஒரு பொடியன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "போடுறதுக்கு முன்னால நான் ஒரு தடவை பார்த்துக்கலாமா?" என்றான். அவனுக்கு இன்னும் மூக்கு வரையத் தெரியாது. ஆனாலும் என் வகுப்பில் ஓவியன் யார் என்று கேட்டால் அவனைத்தான் காட்டுவேன்.

அந்த ஆசை எங்கேயிருந்து வருகிறது? படித்த, வசதியான ஆட்களுக்கு வருவதுதானே?

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். வெள்ளிக்கிழமைகளில் அடுப்பை மண்ணும் சாணியும் கரைத்து மெழுகுவார். மெழுகி முடித்து, ஈரம் காய்வதற்கு முன்னால், மூன்று விரல் நுனியை அடுப்பு விளிம்பில் வைத்து ஒரே இழுப்பில் அலை அலையாக ஒரு கோடு போடுவார். லயத்துக் காம்பராவின், அதாவது வரிசை வீட்டு அறையின், மூலையில் புகை அண்டிய அடுப்பு அது, வெளி ஆள் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை, அடுத்த நாள் சாம்பலும் கரியும் அதை மூடிவிடும். ஏன் போடுகிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டதற்கு "மொட்டையா விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். கலை பற்றி நான் பிறகு வாசித்த எதுவும் அந்த பதிலைத் தாண்டிப் போனதாக எனக்குத் தெரியவில்லை, கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்றாலும் ரொம்ப இல்லை.

பாட்டையும் பாருங்கள். காடு வெட்டிக் கோப்பி நட்ட காலத்துப் பாட்டுகள் இன்னும் நம் ஆட்கள் வாயில் இருக்கின்றன. மலையைக் கையால் காட்டி, கோப்பிக் கன்று போட்ட மலை அது, அண்ணனைப் பறிகொடுத்த மலை அது, அதோ தெரிகிறது பார் என்று சொல்லும் பாட்டு ஒன்று எல்லாருக்கும் தெரியும், நாலே வரி. கட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. கங்காணி கேட்டிருக்க மாட்டான், துரை கேட்டிருக்க மாட்டான், கட்டியதற்கு அரைப் பேர், அதாவது அரை நாள், சம்பளம்கூடக் கிடைத்திருக்காது. அண்ணன் செத்துவிட்டான், அழுகை இருக்கிறது, அழுதால் போதும்தானே? போதவில்லை. அழுகையை எதுகையில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. 1869 இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தே போனது, பாட்டு நிற்கிறது.

இந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. நம் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர், தொழிற்சங்கம், கூட்டம், வழக்கு என்று ஓய்வில்லாத ஆள். அதற்கு நடுவில் கவிதையும் எழுதினார், தோட்டத்துக் கிழவிகள் பாடுவதையும் எழுதிவைத்தார். வசதி வந்த பிறகு வருகிற ஆசை என்றால் இந்த மலையில் ஒரு பாட்டும் பிறந்திருக்காது.

சரி, ஆனால் வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் கலை எதற்கு?

இதைக் கேட்பவர்கள் இரண்டு வகை. அனுபவித்துக் கேட்பவர்கள் ஒரு வகை, நம்மை வாயடைக்கக் கேட்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு மட்டும் பதில்.

காலை நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையை வெளிக்கிடுத்தி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய், பதினாறு பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டு, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும் ஒரு பெண்ணிடம் போய் "உங்களுக்குள் ஒரு கலைஞர் இருக்கிறார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். ஏழ்மைதான் கலையை வளர்க்கிறது என்று மேடையில் பேசுகிறார்களே, கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழ்மை கலையைத் தின்கிறது. ஆசை பிறப்பதற்கு ஓய்வு தேவையில்லை, அது எப்படியும் பிறந்துவிடும். வளர்வதற்குத்தான் நேரமும் இடமும் வெளிச்சமும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் இருந்தால் ஈரத் தாளை எங்கே காயப் போடுவது? அதனால் காணி, வீடு, சம்பளம் பற்றிய சண்டையையும் கலையையும் இரண்டு தனி விஷயமாக நான் பார்ப்பதில்லை.

அப்படியும் நம் ஆட்கள் செய்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். மாசி மாதத்தில் காமன் கூத்துப் பழக்கம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள், சிவன் காமனை எரித்த கதையை ஆடும் கூத்து. பகல் முழுக்க மலையில் நின்ற ஆட்கள் ராத்திரியில் வந்து ஆடுவார்கள், காலையில் மறுபடி பெரட்டு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எனக்குக் கோடே நேராக வராது.

எனக்கும் வராது. அதற்குத்தான் அடிமட்டம் விற்கிறார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று ஔவை பெயரில் சொல்வது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, உண்மையிலேயே அது பழக்கம்தான். ஒரு நாளைக்கு ஒரு கை, உங்கள் இடது கையையே பார்த்து, முப்பது நாள் வரையுங்கள். முப்பத்தோராவது நாள் முதலாவதை எடுத்துப் பார்த்துச் சிரிப்பீர்கள். மூன்றாவது நாளே விட்டுவிட்டீர்கள் என்றால் உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை, இந்த வேலையில் அவ்வளவு ஆசை இல்லை, வேறு ஏதாவதில் இருக்கலாம். சமைப்பதில், தைப்பதில், முச்சக்கரவண்டிக்கு உள்ளே ஜோடிப்பதில்கூட.

மகள் நல்லா வரைகிறாள். ஒவ்வொரு படத்துக்கும் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் இன்னும் வரைவாள்தானே?

தயவு செய்து வேண்டாம். இதைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது, வகுப்பில் அடிக்கடி சொல்வேன். 1973 இல் வெளியானது, அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று பேர் செய்தது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள், எல்லாரும் ஏற்கெனவே மார்க்கர் பேனையால் வரைய ஆசைப்படுகிறவர்கள். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிடம், வரைந்தால் தங்க முத்திரையும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல் கடைசியில் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

ஒன்றிரண்டு கிழமை கழித்து அதே மார்க்கர்களைப் பள்ளியில் சும்மா வைத்துவிட்டு, யார் தாமாகவே போய் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்த பிள்ளைகள் மற்றவர்களை விடப் பாதி நேரம் மாதிரிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த ஆசை குறையவில்லை. ஆக, கொடுப்பதில் பிரச்சினை இல்லை, பேரம் பேசுவதில்தான் பிரச்சினை. நேற்று வரை விளையாட்டாக இருந்தது, பேரம் பேசிய நாளில் இருந்து பிள்ளைக்கு அது பெரட்டு ஆகிவிடுகிறது.

என் சொந்தக் கதையும் இதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் போட்டி என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், தலைப்பு டெங்கு ஒழிப்பு, போதை ஒழிப்பு, மரம் நடுவோம், இந்த மூன்றில் ஒன்றுதான். எப்படி வரைந்தால் முதலாம் இடம் வரும் என்று பதினாலு வயதில் எனக்கு மனப்பாடம். பூமி உருண்டையை இரண்டு கை தாங்குகிற மாதிரி போட்டு, ஓரத்தில் ஒரு புறா. வென்றுகொண்டே இருந்தேன். ஓ.எல். பரீட்சையில் சித்திரத்துக்கு ஏ வந்த பிறகு நாலு வருஷம் ஒரு கோடு கிழிக்கவில்லை, கிழிக்கத் தோன்றவும் இல்லை. தேநீர்க் கோப்பையின் அடி ஈரம் மேசையில் வட்டமாகப் படிந்திருந்ததை ஒரு நாள் விரலால் இழுத்து இழுத்து ஒரு மாடு ஆக்கினேன், அப்போதுதான் மறுபடி தொடங்கியது. அந்த மாட்டுக்கு ஒருவரும் பரிசு கொடுக்கவில்லை, அம்மா துணியால் துடைத்துவிட்டார்.

பிள்ளை வரைந்ததைக் காட்டினால் "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பாமல், இது யார், ஏன் இந்தக் கோழி இவ்வளவு பெரிசு என்று கேளுங்கள். அது போதும்.

எனக்கு வயது நாற்பத்தாறு. இனித் தொடங்கி என்ன?

உங்களை ஒரு நாள் பொகவந்தலாவைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே சென் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி கிடக்கிறார். புகைப்படக்கலை வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயரை விட முடியாது. அவர் கையில் முதல் கமரா வந்தது 1863 கடைசியில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டுமே என்று வாங்கிக் கொடுத்தது. அந்த நேரம் படம் எடுப்பது இப்போது மாதிரி இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்கு முன்னால் படத்தையும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். கை எல்லாம் கறுத்துப் போகும். அவர் நிலக்கரி போட்டு வைத்த கொட்டிலை இருட்டறை ஆக்கினார், கோழிக்கூட்டைக் காலி பண்ணிப் படம் எடுக்கும் இடமாக மாற்றினார். கோழிகளுக்கு என்ன ஆனது என்று எனக்கு ஒரு கவலை உண்டு, அது வேறு விஷயம்.

படங்கள் மங்கலாக இருக்கின்றன, தகட்டில் விரல் அடையாளம் தெரிகிறது என்று அப்போதைய வல்லுநர்கள் திட்டினார்கள். அவர் அந்த மங்கலை விடவில்லை, அதுதான் தனக்கு வேண்டும் என்று நின்றார். ஆசைக்கும் பிடிவாதத்துக்கும் நடுவில் பெரிய வேலி ஒன்றும் இல்லை போல. இன்றைக்கு அந்த மங்கல் முகங்களைத்தான் நூதனசாலைகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கணவர் யார் தெரியுமா, வெள்ளைக்கார ஆட்சியில் இலங்கை நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அந்தக் கமரன். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன, 1875 இல் குடும்பம் இலங்கைக்கு வந்தது, ஜூலியா 1879 இல் இங்கேயே இறந்தார். இங்கே எடுத்தவற்றில் மிஞ்சிய படங்கள் கொஞ்சம்தான். அவற்றில் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள், நம் ஆட்கள். பெரும்பாலான முகங்களுக்குப் பெயர் இல்லை. எடுத்தவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது, உட்கார்ந்த ஆள் யாருடைய பாட்டன், யாருடைய பாட்டி என்று தெரியாது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்து வரும், ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்ள முடியவில்லை. நாற்பத்தாறில் தொடங்கப் போகிற நீங்கள் யாரை வரைந்தாலும் கீழே அந்த ஆளின் பெயரையும் எழுதுங்கள்.

தப்பு மேளம் அடிக்கப் பழக ஆசை. வீட்டில் "அது நம்ம வேலை இல்லை" என்கிறார்கள்.

இதைக் கேட்கிற பொடியன்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், அதனால் நான் சத்தமாகவே எழுதுகிறேன். தப்பை ஒரு சாதியின் தலையில் கட்டி, சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஆனால் வாசலுக்கு வெளியே நின்று அடி என்று சொன்ன ஊர் நம் ஊர். பழைய நாளில் விடிய முன்னால் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடவும் அதையே அடிக்க வைத்தார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம். "அது நம்ம வேலை இல்லை" என்று சொல்லும் வீடு அந்தச் சாதிக்கு வெளியே இருந்தால், அது வெறும் திமிர், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அடித்த வீட்டில் ஒரு தாத்தா "என் பேரன் அடிக்கக்கூடாது" என்று சொன்னால் அவரோடு வாக்குவாதம் பண்ணாதீர்கள், முதலில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் கையில் இருந்தது கலை என்று இப்போது நாம் சொல்கிறோம், அவருக்கு அது கட்டளையாக வந்தது. விரும்பினால் அடிக்கலாம், விரும்பாவிட்டால் வைக்கலாம் என்ற நிலை அவருக்கு இருக்கவில்லை. நான் இந்தப் பக்கம் முழுக்க ஆசை, ஆசை என்று எழுதுகிறேனே, அந்த ஆசைக்கே இடம் கொடுக்காமல் வேலையை மட்டும் வாங்கியதுதான் அங்கே நடந்த அநியாயம்.

அப்படியும் அந்தத் தாத்தாமார் சும்மா அடிக்கவில்லை. நெருப்பில் தோலைக் காய்ச்சி, காதருகில் வைத்துத் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று மறுபடி காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டவனுக்குச் சத்தம் வந்தால் போதும். அந்த "இன்னும் கொஞ்சம்" அவருக்கானது.

பழகுங்கள். சாதி பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து பழகுகிற இடமாகப் பார்த்துப் பழகுங்கள், சொல்லிக்கொடுப்பவருக்குக் காசும் நாற்காலியும் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் கூத்து ஆடலாமா?

ஆடலாம். காமனின் மனைவி ரதியாக இவ்வளவு காலம் ஆண்கள் சேலை கட்டி ஆடினார்களே, அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

காமன் கூத்து வருஷா வருஷம் ஒரே கதைதானே. இதில் புதிதாக உண்டாக்குவது எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி, ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை கேட்டது. புதிதாக ஒன்றைச் சொன்னால்தான் கலை என்பது ரொம்பப் பழைய எண்ணம் இல்லை. ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வு அதிகாரியாக இந்த மலைநாட்டில் கல்லைத் தேடி அலைந்தவர், தேடிப் போன இடத்தில் கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்களைக் கண்டு 1908 இல் அவர்களைப் பற்றியே பெரிய புத்தகம் போட்டார். பரம்பரையாக வந்த அதே கொடியை, அதே அன்னத்தைத்தான் அவர்கள் வரைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது ஒரு புதுக் கையில் பிறக்க வேண்டியிருந்தது. தாய்ப்பால் கொடுப்பது பழைய கதைதான், எந்தத் தாயும் பழசைக் கொடுப்பதில்லை.

ரதி புலம்பலைக் கவனித்துக் கேளுங்கள். வரி ஒன்றுதான். ஆனால் போன வருஷம் மகனைக் கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்து ஆடிய ஒருவர் அந்த வரியை இழுத்த இழுப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

எனக்கு முன்பு ஆசை இருந்தது, இப்போது வரவே மாட்டேன் என்கிறது.

இதற்கும் காமன் கதையையே சொல்கிறேன், வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, கூத்து நடத்தி, கடைசியில் எரிக்கிறோமே, யாரை? காமனை. காமன் என்றாலே ஆசைதான். மற்றக் கூத்துகளில் அரசனோ அசுரனோ சாவான், இதில் ஆசையே எரிந்து சாம்பல் ஆகிறது. ரதி விடாமல் அழுது மன்றாடுகிறாள். சிவன் உயிரைத் திருப்பிக் கொடுக்கிறார், ஆனால் உடம்பைக் கொடுக்கவில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்களுக்கு இல்லை. அனங்கன், உடம்பில்லாதவன் என்று அதனால்தான் பெயர்.

உங்கள் ஆசை செத்துப் போனது என்று மற்றவர்கள் சொல்லலாம், வீட்டில் சொல்லலாம். உங்கள் கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையா, சரி, விடுங்கள், ஒரு வருஷம் வேறு வேலை பாருங்கள். வரையாமல் இருப்பது குற்றம் இல்லை. வரையாமல் இருப்பது உறுத்தினால் மட்டும் யோசிக்க வேண்டும்.

போனில் நாலு சொல் எழுதினால் ஏஐ பத்து செக்கனில் படம் போடுகிறதே. இனி நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

வகுப்பில் ஒரு பொடியன் போனைக் கொண்டுவந்து காட்டினான், "தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள்" என்று எழுதி எடுத்த படம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வெயில், பச்சை, தூரத்தில் பனி. அவன் அதை வீட்டில் அம்மாயியிடம் காட்டியிருக்கிறான், முப்பத்தைந்து வருஷம் மலையில் நின்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு "யாருடா இவுங்க?" என்று கேட்டாராம். எல்லாரும் கூம்புத் தொப்பி போட்டிருக்கிறார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லை, கூடைக் கயிறு நெற்றியில் இல்லை, எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "கொழுந்து எடுக்கிறப்போ எவ சிரிக்கிறா?"

இதை வைத்து இயந்திரம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு அது படங்கையும் சரியாகப் போடும், அம்மாயியே ஏமாறும் அளவுக்குப் போடும். என் கேள்வி வேறு. அதற்கு அந்தப் படத்தைப் போட வேண்டும் என்று இருந்ததா? கேட்டீர்கள், கொடுத்தது. கேட்காவிட்டால் சும்மா கிடந்திருக்கும். என் அப்பாயியின் விரல் சும்மா கிடக்காது. அதனால் ஆசை எங்காவது இருக்குமானால் போனைப் பிடித்திருக்கிற பொடியனிடம்தான் இருக்க வேண்டும். அவனிடம் இருந்ததா என்று அவனைத்தான் கேட்க வேண்டும், கேட்டேன். "சும்மா போட்டுப் பார்த்தேன் மிஸ்" என்றான். சும்மா போட்டுப் பார்ப்பதும் தொடக்கம்தான், நான் மாட்டை அப்படித்தான் போட்டேன். ஆனால் என் மாட்டுக்குக் கொம்பு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று நான் தவித்தேன், இவனுக்கு அந்தத் தவிப்பு வருவதற்கு முன்னாலேயே படம் முடிந்துவிட்டது. பத்து செக்கனில் வந்தால் அதுதான் நட்டம். ஒருவர் நிஜமாகவே தவித்து, இருநூறு தடவை மாற்றி, இது இல்லை இது இல்லை என்று தள்ளித் தள்ளி அந்த இயந்திரத்தால் தான் நினைத்ததை வரவைத்தால், அதைக் கலை இல்லை என்று சொல்ல நான் யார்? மற்றவர்கள் வரைந்ததைக் கேட்காமல் எடுத்துப் பழக்கினார்கள் என்ற சண்டை தனியாக இருக்கிறது, அதில் நான் வரைந்தவர்கள் பக்கம்.

அந்தப் பொடியன் இரண்டு கிழமை கழித்து ஒரு படம் கொண்டுவந்தான். அம்மாயியின் வலது கை மட்டும். விரல் நுனியில் கொழுந்துக் கறை, போகாத கறுப்பு. பெருவிரல் கொஞ்சம் பெரிசாகப் போய்விட்டது, திருத்தச் சொல்லவில்லை.

படத்தை விற்கலாமா? விற்றால் அந்த ஆசை கெட்டுவிடாதா?

விற்கலாம். வாங்குகிறவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் இறங்க வேண்டும் என்றுதான் அவசரப்பட வேண்டாம். நம் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தோட்டத்திலும் அப்புறம் கொழும்பிலும் சம்பள வேலை பார்த்துக்கொண்டே எழுதினார், 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் இலக்கிய விருது கிடைத்தபோது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். விருதுக்காக ஒரு ஆள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, வேறு எதற்காகவோதான் எழுதியிருப்பார்.

வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய கலண்டர் தாள், பின்பக்கம் வெள்ளையாக இருப்பது. அடுப்புக் கரி, மெல்லிய குச்சியாகப் பார்த்து. வீட்டில் இருக்கிற டஸ்ட் தேயிலையை இரண்டு கரண்டி போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும் வரை கொதிக்க வைத்து போத்தலில் ஊற்றிக் கொண்டு வாருங்கள், நல்ல பழுப்பு நிறம் வரும், இரண்டு மூன்று பூச்சுப் பூசினால் இன்னும் கறுக்கும். கறுப்பு மை வேண்டும் என்றால் துருப்பிடித்த ஆணி நாலைந்தை வினாகிரியில் ஒரு கிழமை ஊற வைத்து, அந்தத் தண்ணீரைத் தேயிலைச் சாயத்தில் கலக்குங்கள். சாயத்தில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண் முன்னாலேயே கறுக்கும், பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கத்துவார்கள். போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள், ஒரு அப்பா பிளேன்டி என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டார்.

முடித்த படங்களை அடுப்படிப் பக்கம் காற்றோட்டமாக வையுங்கள், இந்தப் பனியில் பெட்டிக்குள் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மணிக்குத் தொடங்குவோம். மழை என்றால் இடது பக்கம் உட்கார வேண்டாம், கூரை ஒழுகுகிறது.